'இஸ்' எங்கே போச்சு?

வழக்கமா இந்த ஓரத்தில் பொன்மொழியும் விடுகதையும்தான் வரும். இந்தத் தடவை இடத்தை எனக்குக் கொடுத்திருக்காங்க, அதனால ஒரு சண்டையை எழுதப் போறேன். சண்டை யாரோடும் இல்லை, ஒரு சிரிப்போடு.

ஒருத்தன் எழுந்து 'திஸ் மை ஃபாதர்' என்று சொன்னால் வகுப்பே சிரிக்குது. "இஸ் எங்கேடா போச்சு?" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் வருது. நான் கேட்கிறேன்... 'இவர் என் அப்பா' என்ற தமிழ் வாக்கியத்தில் 'இஸ்' எங்கே இருக்கு? இவர், என், அப்பா. மூணே சொல்! வாக்கியம் முழுசா முடிஞ்சு போச்சு. பிறந்ததிலிருந்து அப்படிப் பேசி வளர்ந்தவன் இங்கிலீஷிலும் மூணு சொல்லோடு நிறுத்துகிறான். இது மண்டையில் ஒண்ணும் இல்லாததால் வந்த தப்பு இல்லை. மண்டையில் ஏற்கனவே ஒரு இலக்கணம் நல்லா உட்கார்ந்திருப்பதால் வருகிற தப்பு!

ராயபுரம், மண்ணடி பக்கமிருந்து வரும் நண்பர்கள் சிலர் காலையில் மதரசாவில் அரபி ஓதிவிட்டுத்தான் பள்ளிக்கு வருகிறார்கள். அவர்களில் ஒருவன் சொன்னதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமா இருந்தது. 'இவர் என் அப்பா' என்பதற்கு அரபியில் 'ஹாதா அபீ'. அங்கேயும் 'இஸ்' கிடையாது! அப்படியென்றால் அரபு நாட்டில் இங்கிலீஷ் படிக்கும் பையனும் நம்மைப் போலவே 'இஸ்'ஸைத் தொலைத்துவிட்டு முழிக்கிறான். எங்கேயோ பாலைவனத்தில் இருக்கிறவனுக்கும் திருவொற்றியூர்க்காரனுக்கும் ஒரே இடத்தில் சறுக்குது பாருங்க.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சறுக்காது. அதுதான் இன்னும் சுவாரசியம். தமிழில் 'தி' இல்லை. அதனால் நாம் அதை விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் பயத்தில் எல்லா இடத்திலும் தூவுகிறோம். அரபியில் 'அல்' என்று ஒன்று இருக்கு. 'வாழ்க்கை', 'அன்பு' போன்ற சொற்களுக்கு முன்னாலும் அது வரும். அதனால் அவர்கள் 'தி லைஃப் இஸ் டிஃபிகல்ட்' என்று எழுதுவார்களாம். நமக்கு உப்பு பத்தலை, அவங்களுக்கு உப்பு கூடிப் போச்சு! அதே மாதிரி அரபியில் 'பாரதி'க்கு வரும் ஒலி உண்டு, 'பாட்டி'க்கு வரும் ஒலி இல்லை. பெப்ஸி என்பதை அவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள். எப்படி என்று இங்கே எழுதிக் காட்ட முடியாது, ஏன்னா நம்மகிட்ட ரெண்டு ஒலிக்கும் ஒரே எழுத்துதான்!

எனக்குத் தெரிந்து எல்லோரையும் ரொம்பப் படுத்துவது கேள்வி வாக்கியம்தான். தமிழில் கேள்வி கேட்பது எவ்வளவு சுலபம்! 'நீ வந்தாய்', கடைசியில் ஒரு 'ஆ' போட்டால் 'நீ வந்தாயா?' முடிஞ்சது. அரபியில் முன்னால் 'ஹல்' என்று ஒரு சொல், பின்னால் வாக்கியம் அப்படியே. இங்கிலீஷில் மட்டும் 'டிட்' என்று ஒரு ஆளைப் புதுசா கூட்டி வரணும், இறந்த காலத்தைப் பிடுங்கி அவர் தலையில் வைக்கணும், 'கேம்' என்பதை மறுபடி 'கம்' ஆக்கணும். பாதிப் பேர் 'டிட் யூ கேம்' என்று எழுதுவது நியாயம்தானே? இறந்த காலத்தைப் பற்றித்தானே கேட்கிறான்! 'அவன்' 'அவள்' வந்தால் மட்டும் 'எஸ்' போடணும் என்ற விதியைப் பற்றி நான் மரியாதையாக எதுவும் சொல்ல முடியாது. அந்த 'எஸ்' இல்லாவிட்டால் யாருக்கு என்ன புரியாமல் போகுது? நம்ம 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தது' ஆவது ஆள் யாரென்று சொல்லுது.

சிலர் இப்போ கேட்கலாம், "அப்போ இலக்கணமே வேண்டாமா?" அப்படிச் சொல்லலை. ஆனா இதைப் படிங்க. நம்ம ஊர் துறைமுக ஊர். சென்னைத் துறைமுகம் ஒரு பக்கம், எண்ணூரில் காமராஜர் துறைமுகம் இன்னொரு பக்கம். உள்ளே வரும் கப்பலில் பல நாட்டு ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் கரையோடும் அடுத்த கப்பலோடும் இங்கிலீஷில் பேசியாகணும். அதற்காக ஐ.எம்.ஓ. என்கிற பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2001-ல் ஒரு வாக்கியத் தொகுப்பையே ஏற்றுக்கொண்டது. 'ஸ்டாண்டர்ட் மரைன் கம்யூனிகேஷன் ஃப்ரேசஸ்' என்று பேர். அதில் என்ன விசேஷம் தெரியுமா? 'தி', 'அ', 'ஆன்', 'இஸ்', 'ஆர்' இதையெல்லாம் குறைவாக வைத்திருக்கிறார்கள், பல இடத்தில் விட்டே விட்டிருக்கிறார்கள்! நம்ம பையன் விட்ட அதே சொற்கள்! கேள்வி கேட்கும்போது முன்னால் 'கொஸ்டின்' என்று ஒரு சொல் சொல்லலாம், எச்சரிக்கை என்றால் 'வார்னிங்'. அரபியின் 'ஹல்' மாதிரியே இல்லை? 'மே', 'குட்' மாதிரி குழப்பும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கடலில் அழகு முக்கியமில்லை, எதிரில் இருப்பவனுக்குச் சரியாகப் புரியணும். 2017 ஜனவரியில் எண்ணூர் கிட்ட ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது, கரையில் ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். அதற்கு மொழிதான் காரணம் என்று நான் சொல்ல வரலை. கடலில் எது தப்பினாலும் நம்ம கரைக்குத்தான் வரும், அதனால்தான் சொல்கிறேன்.

ஆனா பரீட்சைப் பேப்பர் கப்பல் இல்லை. அதில் 'இஸ்' விட்டால் மார்க் போகும். வேலைக்கு விண்ணப்பம் எழுதினாலும் பார்ப்பார்கள். அதனால் கத்துக்கத்தான் வேணும். நான் சொல்வது கத்துக்கொடுக்கும் விதத்தை. 'ரூலை மனப்பாடம் பண்ணு' என்பதற்குப் பதிலா, போர்டில் தமிழ் வாக்கியம் ஒண்ணு, பக்கத்தில் இங்கிலீஷ் வாக்கியம் ஒண்ணு எழுதி, எங்கே இடம் காலியா இருக்கு என்று காட்டினால் போதும். இங்கிலீஷ் பீரியடில் தமிழ் வாயிலேயே வரக்கூடாது என்கிறார்கள். என்னைக் கேட்டால் அது தலைகீழ். தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு செய்யும் வேலையை அங்கே 'இன்', 'ஆன்', 'அட்' மூணு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்று தமிழில் சொன்னால் ரெண்டு நிமிஷத்தில் புரியுது. தமிழ் ஐயா வேற்றுமை உருபு நடத்தும் அதே வாரம் இங்கிலீஷ் மிஸ் இதை நடத்தினால் இன்னும் நல்லா இருக்கும்.

அம்மா அப்பா இங்கிலீஷ் படிக்காத வீட்டிலிருந்துதான் நம்மில் பலர் வருகிறோம். காசிமேட்டில் ஏலத்துக்கு நிற்கிறவங்க, கன்டெய்னர் லாரி ஓட்டுறவங்க வீட்டுப் பிள்ளைகள். வீட்டில் திருத்த ஆள் இல்லை. வகுப்பில்தான் தப்புத் தப்பாகப் பேசிப் பழக முடியும். அங்கேயும் சிரித்தால் எங்கே போய்ப் பேசுவது? கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கும் ஒரு தோழி இங்கிலீஷ் பீரியடில் மட்டும் வாயே திறப்பதில்லை. அவளுக்கு விடை தெரியும், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

இன்னொரு விஷயம். உருது பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'இஸ்' அவ்வளவா தப்புறதில்லை, கவனிச்சிருக்கீங்களா? அவங்க பேச்சில் 'ஹை' என்று ஒன்று இருக்கு, அது கிட்டத்தட்ட 'இஸ்' செய்யும் வேலைதான். தெலுங்கு நம்மைப் போல, அங்கேயும் இல்லை. நம்ம பள்ளியில் இன்னும் என்னென்ன மொழி இருக்கோ தெரியலை. கீழே நாலு வரி காலியா விட்டிருக்கேன். உங்க வீட்டு மொழியில் 'இவர் என் அப்பா' என்பதை எப்படிச் சொல்வீங்க என்று தமிழ் எழுத்திலேயே பென்சிலால் எழுதிட்டுப் போங்க. பேனா வேண்டாம், தாள் கிழியும்!

– பதினொன்றாம் வகுப்பு, 'ஆ' பிரிவு