சுவரில் ஏறும் ஈரம்

சிலாங்கூரின் கேரி தீவு ஒரு தாழ்நிலம். ஒருபுறம் லங்காட் ஆறு, மறுபுறம் மலாக்கா நீரிணை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற துரை இங்கே ரப்பர் தோட்டம் போட்டார். இன்று அந்த நிலத்தில் செம்பனை நிற்கிறது. சுற்றிலும் மண்கரை எழுப்பி, கடல் ஏறும்போது மதகை மூடி, இறங்கும்போது திறந்துவிட்டுத்தான் தோட்டத்தைக் காக்கிறார்கள். பக்கத்தில் உள்ள கிள்ளான் துறைமுகத்தில், பௌர்ணமி அமாவாசையை ஒட்டிக் கடல்மட்டம் 4 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இப்படிப்பட்ட மண்ணில் நிற்கும் செங்கல் சுவருக்கு மழை மட்டும் பகையல்ல. காலுக்கடியில் உள்ள நீரும் பகைதான்.

அதன் அடையாளம் எல்லோருக்கும் தெரிந்ததே. தரையிலிருந்து முழங்கால் உயரம், சில வீடுகளில் இடுப்பு உயரம் வரை சாயம் கொப்பளிக்கும். கொப்புளத்தை நகத்தால் கீறினால் வெள்ளைப் பொடி உதிரும். அதற்குப் பின்னால் பூச்சு மணலாகக் கரைந்திருக்கும். பலரும் அதைச் சுரண்டிவிட்டு, சிமெண்டைப் பூசி, மேலே நீர்புகாச் சாயம் அடிக்கிறார்கள். ஓரிரு ஆண்டில் அதே கொப்புளம், முன்பைவிட ஒரு சாண் உயரத்தில் வந்து நிற்கிறது. ஏன் அப்படி என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

செங்கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அவை நீரை மேலே இழுக்கும். இதை நுண்துளை ஏற்றம் என்பார்கள். மண்ணில் ஈரம் இருக்கும்வரை இந்த ஏற்றம் நிற்காது. பொதுவாகச் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் அது அடங்கிவிடும். ஏறும் நீரும் சுவர்ப்பரப்பில் உலர்ந்து போகும் நீரும் அங்கே சமமாகின்றன. உலரும் வழியைச் சிமெண்டும் சாயமும் அடைத்துவிட்டால், நீர் இன்னும் உயரமாக ஏறி வேறு இடத்தில் வழி தேடும். கொப்புளம் மேலே நகர்வதற்கு இதுதான் காரணம்.

உண்மையில் நீரைவிட, அது சுமந்துவரும் உப்புதான் சுவரை அதிகம் தின்கிறது. கடலோர நிலத்தடி நீரில் உப்பு கரைந்திருக்கும். நீர் ஆவியாகும், உப்பு தங்கும். தங்கிய உப்பு படிகமாக வளர்ந்து நுண்துளையின் சுவர்களை நெருக்கும். செங்கல்லும் பூச்சும் உள்ளிருந்தே உடையும். கடலுப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அது காற்றின் ஈரத்தையும் உறிஞ்சும். அதனால்தான் பல நாள் மழையே இல்லாதபோதும் சில சுவர்கள் பிசுபிசுவென்று இருக்கின்றன.

நிலத்து நீரைத் தடுக்கவென்றே அடித்தளத்துக்குச் சற்று மேலே நீர் புகாத ஒரு படலத்தை வைத்துக் கட்டுவார்கள். இதை ஈரத்தடை என்போம். பழைய வீடுகள் சிலவற்றில் அது இல்லை. வேறு பல வீடுகளில் இருக்கிறது, ஆனால் புதைந்துவிட்டது. வெள்ளத்துக்குப் பயந்து லாரி லாரியாக மண் கொட்டி முற்றத்தை உயர்த்துவது நம் பக்கத்தில் வழக்கம். அப்படிக் கொட்டிய மண் ஈரத்தடைக்கு மேலே ஏறிவிட்டால், தடை இருந்தும் பயனில்லை. மண்ணிலிருந்து ஈரம் நேராகச் சுவருக்குள் போகும். எனக்குத் தெரிந்து, இந்த ஒரு காரணத்தைத்தான் வீட்டுக்காரர்கள் கடைசியாகச் சந்தேகிக்கிறார்கள்.

மழை வேறு வழிகளில் வருகிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரையான மாதங்களில், விடியற்காலையில் சுமத்திராப் பக்கமிருந்து பலத்த காற்றுடன் மழை வீசும். தீவின் மேற்கு பார்த்த சுவர்கள் அதை நேராக வாங்குகின்றன. பூச்சில் உள்ள மயிரிழை வெடிப்பு அதற்குப் போதும். கூரையும் சுவரும் சேரும் மூலை, ஓட்டைக் குழாய், மூடியில்லாத கைப்பிடிச் சுவர் ஆகியவை மேலிருந்து நீரை இறக்கும். கேமரன் மலையில் கணப்பு அடுப்பு வைத்த பழைய பங்களாக்களின் செங்கல் புகைபோக்கிகளுக்கு இந்தத் தொல்லை மிக அதிகம். நான்கு பக்கமும் மழை, உச்சியும் திறப்பு. அங்கே செய்யும் பரிகாரம் நம் கைப்பிடிச் சுவருக்கும் பொருந்தும். உச்சியில் கான்கிரீட் மூடி வைக்க வேண்டும். அது சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். நீண்ட பகுதியின் அடியில் ஒரு காடி இருந்தால், நீர் சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டிவிடும். கூரை சேருமிடத்தில் தகட்டுப் பட்டை பதிக்க வேண்டும்.

பழைய செங்கல் சுவரானால், அதில் என்ன காரை இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1881இல் கோலாலம்பூர் தீயிலும் பிறகு வெள்ளத்திலும் அழிந்தது. பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம் நகரைச் செங்கல்லும் ஓடுமாகத் திரும்பக் கட்டச் செய்தார். அதற்கான செங்கல் பிரிக்ஃபீல்ட்ஸ் சூளைகளில் வெந்தது. அக்காலச் சுவர்களுக்குச் சுண்ணாம்புக் காரையே பிணைப்பு. சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தை வெளியே விடும். சேதம் வந்தால் காரைதான் முதலில் உதிரும், செங்கல் பிழைக்கும். காரையை மறுபடி பூசிக்கொள்ளலாம். அந்தச் சுவரில் கெட்டிச் சிமெண்டைப் பூசினால் நிலைமை தலைகீழாகும்: சிமெண்ட் நிற்கும், செங்கல் உதிரும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுவரில் ஓர் அடிச் சதுர அலுமினியத் தாளை வைத்து, நான்கு விளிம்பையும் நாடாவால் ஒட்டிச் சில நாள் விடுங்கள். தாளின் பின்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்புறத்தில் மட்டும் துளி கட்டினால் அது காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்துவைப்பதே மருந்து.

உள்ளிருந்து வருகிறது என்றால், முதலில் குழாயையும் கூரை மூலையையும் சரிபாருங்கள். அடுத்து, சுவரோரத்து மண்ணை ஈரத்தடைக்குக் கீழே ஒரு சாண் இறங்கும்படி வெட்டி, நீர் விலகி ஓடச் சரிவு கொடுங்கள். வடிகால் அடைத்திருந்தால் தூர்வாருங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள்; கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து, விழுந்த பொடியைப் பெருக்கி அப்புறப்படுத்துங்கள். அதன்பின் காத்திருக்க வேண்டும். ஓர் அங்குலத் தடிமன் உலர ஒரு மாதம் என்பது கட்டடத் துறையின் பழைய கணக்கு. நம் காற்றின் ஈரத்துக்கு அது இன்னும் நீளலாம். இத்தனைக்கும் பிறகும் ஈரம் ஏறினால்தான், சுவரில் துளையிட்டு ரசாயன ஈரத்தடை செலுத்துவது போன்ற செலவுகளை யோசிக்க வேண்டும்.

தோட்டக் குடியிருப்பில் இருப்பவர்கள் இதைத் தங்கள் கைக்காசில் செய்ய வேண்டியதில்லை. தொழிலாளர் வீட்டு வசதிக்கான 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டப்படி, வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு.

நீர்புகாச் சாயம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. உலர்ந்த சுவரின் வெளிப்புறத்தில், மழையடிக்கும் பக்கத்தில், அதற்கு வேலை உண்டு. ஈரச் சுவரின் உட்புறத்தில் அது காசைக் கரைக்கும். நம்மில் பெரும்பாலோர் தீபாவளிக்கு முன்னால், மழை கூடிவரும் அக்டோபரில்தான் சாயம் அடிக்கிறோம். சுவரடி வேலையை மட்டுமாவது மழை குறைவான ஜூன், ஜூலையில் தொடங்கிவிடுங்கள். சாயம் அடிப்பதற்குள் சுவர் உலர அவகாசம் கிடைக்கும்.