அரசு கட்டும் வீட்டில் ஒரு டிசி லைன் வேண்டும்

மாண்புமிகு தமிழ்நாடு மின்சாரத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

டெல்டா மாவட்டங்களில் வீட்டு மாடிகளில் சோலார் பேனல் பொருத்தும் தொழில் செய்து வருகிறேன். ஏழைகளுக்கு அரசு கட்டித்தரும் வீடுகளுக்காக உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். அந்த வீடுகளுக்கு வயரிங் செய்யும்போதே, வழக்கமான 230 வோல்ட் லைனுடன் 48 வோல்ட் டிசி லைன் ஒன்றையும் இழுத்துத்தர வேண்டும். மாடியில் ஒரு பேனலும் உள்ளே ஒரு சிறு பேட்டரியும் அதோடு சேர வேண்டும்.

ஏன் கேட்கிறேன் என்பதைச் சொல்கிறேன். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நல்ல திட்டம், மின்கட்டணம் குறைகிறது. ஆனால் பேனல் போட்டவர்கள் முதல் கரண்ட் கட்டிலேயே போன் செய்து, “வெயில் கொளுத்துகிறது, வீட்டில் ஃபேன் ஓடவில்லையே, ஏன்?” என்று கேட்கிறார்கள். மின்வாரிய லைனில் கரண்ட் நின்றால், அதோடு இணைந்த இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். நிற்கத்தான் வேண்டும். நிற்காவிட்டால் மாடியிலிருந்து கரண்ட் லைனுக்குப் பாய்ந்து, கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிரைப் பறித்துவிடும். பேட்டரி உள்ள ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்கினால் தப்பிக்கலாம். அந்த விலையை ஏழை வீடு தாங்காது.

பேனல் தருவது டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டம். பேட்டரி சேமிப்பதும் டிசிதான். எல்இடி பல்பு, செல்போன், டிவி, பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் ஃபேன்) எல்லாம் உள்ளுக்குள் டிசியில்தான் இயங்குகின்றன. இருந்தும் மாடியில் கிடைத்த டிசியை, திசை மாறி மாறி ஓடும் ஏசியாக்கி, அந்த ஏசியை ஒவ்வொரு கருவிக்குள்ளும் மறுபடி டிசியாக்குகிறோம். பெரிய சோலார் இன்வெர்ட்டர்களில் டிசியை ஏசியாக்கும்போது வரும் இழப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவுதான். சாதாரண வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் சிறு சுமையை ஓட்டும்போது இழப்பு அதைவிடப் பல மடங்கு. ஏழை வீட்டின் சுமை எப்போதுமே சிறியது.

கணக்கு எளிது. சாதாரண சீலிங் ஃபேனுக்கு சுமார் 75 வாட் வேண்டும். பிஎல்டிசி ஃபேனுக்கு 30 வாட் போதும். இரண்டு ஃபேன், 9 வாட் பல்பு நான்கு, எல்லாம் சேர்ந்து 100 வாட்டைத் தொடாது. இரவில் எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு யூனிட் ஆகாது. நம் ஊர் வெயிலில் 250 வாட் பேனல் ஒன்று சராசரியாக நாளொன்றுக்கு ஒரு யூனிட் தரும். அதற்கு மாடியில் இருபது சதுர அடி போதும். மழை நாளில் பேனல் கைகொடுக்காவிட்டால் மின்வாரிய லைனிலிருந்து சார்ஜர் வழியாக பேட்டரி நிரம்பிக்கொள்ளும்.

‘இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத்தானே தருகிறோம்?’ என்று அதிகாரிகள் கேட்கலாம். லைனில் கரண்ட் இருக்கும்வரைதான் அந்த இலவசம். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பக்கம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. செல்போனில் சார்ஜ் இல்லாமல் உறவுகளுக்குச் சேதி சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு ஒரு பேனலும் 48 வோல்ட் லைனும் இருந்திருந்தால், பேனல் தப்பிய வீடுகளிலாவது விளக்கு எரிந்திருக்கும். மேலும், நாளுக்கு ஒரு யூனிட் என்றால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். அந்த அளவுக்கு அரசின் இலவச மின்சாரச் செலவும் மிச்சமாகும்.

48 வோல்ட் புதிய கண்டுபிடிப்பு அல்ல. தொலைபேசி இணைப்பகங்கள் நெடுங்காலமாக 48 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகின்றன. கரண்ட் போனாலும் வீட்டு லேண்ட்லைன் பேசியது அதனால்தான். சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு இதை வீடுகளுக்கு ஏற்றபடி வடிவமைத்தது. ராஜஸ்தானின் ஜோத்பூர், ஜெய்சல்மேர் பகுதிகளில் சுமார் 4,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. 2017-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 48 வோல்ட் டிசி விநியோகத்துக்கென ஐஎஸ் 16711 என்ற தரநிலையையும் வெளியிட்டது. சென்னையில் உருவான தொழில்நுட்பம் பாலைவன கிராமங்களுக்கு வெளிச்சம் தந்திருக்கிறது. இங்கே அரசு கட்டித்தரும் வீடுகளுக்கு அது வர வேண்டாமா?

தமிழ்நாட்டுக்கு இதில் முன் அனுபவமும் உண்டு. 2011-இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு ஐந்து சோலார் விளக்குகள் என்று திட்டமிட்டார்கள். அன்று கைக்கெட்டிய ஈய-அமில பேட்டரியை நான்கைந்து ஆண்டுகளில் மாற்றியாக வேண்டும். இன்றைய லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சில ஆயிரம் முறை சார்ஜ் ஏறி இறங்கும். பிஎல்டிசி ஃபேனும் எல்இடியும் எல்லா ஊர்க் கடைகளுக்கும் வந்துவிட்டன. கலைஞரின் கனவு இல்லம் போன்ற திட்டங்களில் கான்கிரீட் கூரையும் கிடைக்கிறது. சுவர் பூசும் முன் ஒரு ஜோடி வயர் கூடுதலாக இழுப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். பூசிய பிறகு சுவரை உடைத்து இழுப்பது வேறு கதை.

டிசியால் எல்லாம் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மிக்சி, கிரைண்டர், மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாம் 230 வோல்ட்டிலேயே ஓடட்டும். 48 வோல்ட்டில் பெரிய சுமையைக் கொண்டுபோக மிகத் தடித்த கம்பி தேவைப்படும். சுவிட்ச் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஏசி ஒரு நொடியில் 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால், சுவிட்சை அணைக்கும்போது எழும் தீப்பொறி எளிதில் அணைகிறது. டிசியில் அந்தப் பூஜ்ஜியம் வருவதே இல்லை, பொறி நீடிக்கும். பல நூறு வோல்ட் டிசி ஓடும் பெரிய மாடி சோலார் அமைப்புகளில்கூட, விலை குறைவென்று ஏசிக்கான எம்சிபி சுவிட்சைப் பொருத்துவதைப் பார்க்கிறேன். அது தீ விபத்துக்கு வைக்கும் அழைப்பு. அதனால் டிசிக்கென்றே செய்த சுவிட்சும் ஃபியூஸும் கட்டாயமாக வேண்டும். அதே சமயம், 230 வோல்ட்டில் குழந்தை கை வைத்தால் உயிர் போகலாம். 48 வோல்ட்டில் அந்த ஆபத்து மிக மிகக் குறைவு.

நான் கேட்பவை நான்கு. அரசு வீடுகளின் மதிப்பீட்டில் ஐஎஸ் 16711 தரநிலைப்படி 48 வோல்ட் லைனைச் சேருங்கள். முதலில், புயல் அடிக்கடி தாக்கும் கடலோர ஒன்றியம் ஒன்றில் செய்து பார்த்து, கிடைத்த விவரங்களை மக்கள் முன் வையுங்கள். ஐடிஐ வயர்மேன், எலக்ட்ரீசியன் பாடத்தில் டிசி வயரிங்கைச் செய்முறைப் பயிற்சியாகச் சேர்க்க ஆவன செய்யுங்கள். பேட்டரியைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இந்த நான்காவது இல்லாமல் மற்ற மூன்றும் நிலைக்காது.

அடுத்த நிதியாண்டுக்கான வீடுகளின் மதிப்பீடு தயாராகும் முன், உங்கள் பொறியாளர்களை அழைத்து இதைப் பேசுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டெல்டாவில் சோலார் பொருத்தும் தொழிலாளி ஒருவர்