இணையதளம் யார் பேரில்?

சென்னைக்காரர்கள் சனி, ஞாயிறில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியா மாமல்லபுரம் வந்து போறாங்க. மருந்தடிக்காத அரிசி தேடுறவங்களும் அதில் உண்டு. அவங்க கையிலிருக்கும் போனில் நம்ம தோட்டம் தெரியுதா?

விவசாயிக்கும் இணையதளம் வேணும் என்பதே என் கருத்து. ஆனால் இருபது பக்கமும் ஓடுற படமும் எதுக்கு? ஒரே பக்கம், தமிழில். இன்னிக்குக் கையிருப்பு என்ன, செங்கல்பட்டு சிறுமணியா மாப்பிள்ளைச் சம்பாவா, எப்போ அறுத்தது, எப்போ அரைத்தது, கிலோ என்ன விலை, போன் நம்பர், தோட்டத்துக்கு வழி. பி.ஜி.எஸ். சான்று இருந்தா அதன் எண்ணையும் போடுங்க. இல்லேன்னா இல்லைன்னே எழுதுங்க. 2017 விதிமுறைப்படி சிறு உற்பத்தியாளர் நேரடியா விற்கும்போது சான்றிலிருந்து விலக்கு உண்டு. ஜைவிக் பாரத் முத்திரையை மட்டும் போடக் கூடாது. ‘நூறு சதவீதம் ஆர்கானிக்’னு எல்லாக் கடையிலும்தான் எழுதியிருக்கு!

பலரும் கோட்டை விடுறது டொமைன் பெயரில். தளம் செய்து தர்ற தம்பி தன் பேரிலேயே அதைப் பதிஞ்சுட்டா, நாளைக்கு அவர் போனை எடுக்கலைன்னா கடையே போச்சு. உங்க பேரில், உங்க மெயிலில் வாங்குங்க. இதுவும் குத்தகை மாதிரிதான். கெடுவுக்குள் புதுப்பிக்கலைன்னா வேறொருத்தர் எடுத்துக்குவார். முகநூல் பக்கம் இலவசம்தான், ஆனால் அது அடுத்தவர் திண்ணை.

தனியா செலவு செய்ய முடியாதவங்க திருப்போரூர், திருக்கழுக்குன்றம் பக்கம் நாலைந்து பேரா சேர்ந்து ஒரே தளம் போடலாம். தீர்ந்துபோன அரிசியை நம்பி ஐம்பது கிலோமீட்டர் வந்தவர் மறுபடி வரமாட்டார். அதனால வாராவாரம் கையிருப்பை மாத்தி எழுதப்போறது யாருன்னு முதல் கூட்டத்திலேயே பேசி முடிச்சிடுங்க.