நீர் கேளா இயந்திரம்

1967ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், மெக்சிகோ நாட்டின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில், கூரையற்ற சிவப்பு நிறச் சிறு வண்டி ஒன்று இரவு பகலாக ஓடிற்று. லா பாஸ் நகருக்கும் திஹுவானா நகருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். இன்றுள்ள நெடுஞ்சாலை முற்றுப்பெற்றதோ 1973ஆம் ஆண்டில்தான். அன்று வழியின் பெரும்பகுதி கல்லும் மணலும் புழுதியுமே. வண்டியில் இருந்தோர் இருவர்: புரூஸ் மேயர்ஸ், டெட் மாங்கெல்ஸ். 34 மணி 45 நிமிடத்தில் அவ்வழியைக் கடந்தனர். ஐந்தாண்டுகளுக்கு முன் மோட்டார் சைக்கிள் வீரர்கள் ஏறத்தாழ 40 மணி நேரத்தில் நிறுவிய சாதனை அன்றோடு முறிந்தது.

அது பந்தயத்திற்கென்று பெரும் நிறுவனம் ஒன்று செய்த வண்டியன்று. வோக்ஸ்வாகன் 'பீட்டில்' என்னும் எளிய குடும்பக் காரின் உறுப்புகளைக் கொண்டு, தனி மனிதர் ஒருவர் தம் கைகளால் உருவாக்கியது. வாசக அன்பர்களே, இம்மாதம் அந்த வண்டியைப் பற்றியும், அதன் பின்புறம் இருந்த இயந்திரத்தைப் பற்றியும் சிறிது பேசுவோம்.

மேயர்ஸ் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் வாழ்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் 'பங்கர் ஹில்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் மாலுமியாக இருந்தார். 1945 மே 11ஆம் நாள் ஜப்பானியத் தற்கொலை விமானங்கள் அக்கப்பலைத் தாக்கியபோது உயிர் தப்பினார். பின்னர் கண்ணாடியிழையால் படகு செய்யும் தொழிலில் தேர்ந்தார். பிஸ்மோ கடற்கரையின் மணல்மேடுகளில் இளைஞர் பலர் வண்டியோட்டி விளையாடுவதை அவர் கண்டார். அவர்களுள் பலருடைய வண்டிகளில் இருந்தவை நீரால் குளிரும் கனத்த எட்டு சிலிண்டர் இயந்திரங்கள். ஆற்றல் மிகுதி; அதற்கேற்ப எடையும் மிகுதி. அருகிலேயே பீட்டிலின் சிறு இயந்திரம் பூட்டிய வண்டிகள் மணலின் மேல் இலேசாக ஓடின. மேயர்ஸின் கண் அவற்றின்மேல் விழுந்தது.

பீட்டிலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதன் மேற்கூட்டைத் திருகாணிகளைக் கழற்றி அடித்தளத்திலிருந்து தனியே எடுத்துவிடலாம். 1964இல் மேயர்ஸ் செய்த முதல் வண்டியில் படகைப் போன்ற கண்ணாடியிழைக் கூடே அடித்தளமும் ஆயிற்று. பின்னர் விற்பனைக்குச் செய்தவற்றில், பீட்டிலின் அடித்தளத்தையே நடுவில் ஏறத்தாழ 36 செ.மீ. வெட்டி நீக்கி, மீண்டும் பற்றவைத்து, அதன்மேல் கூட்டைப் பொருத்தினார்கள். ஆக, குதிரைத்திறனைக் கூட்டும் முன்பே எடை குறைந்தது. 'மேயர்ஸ் மேங்ஸ்' என்பது அதன் பெயர்.

இனி இயந்திரத்திற்கு வருவோம். மோட்டார் சைக்கிளின் இயந்திரத்தைக் கவனித்திருப்பீர்கள். உருளையைச் சுற்றி மெல்லிய தகடுகள் வரிவரியாக நீட்டிக்கொண்டிருக்கும். அத்தகடுகளின் வழியே வெப்பம் காற்றில் கலந்துவிடுகிறது. பீட்டிலில் அத்தகைய உருளைகள் நான்கு, பக்கத்திற்கு இரண்டாகப் படுத்திருக்கின்றன. ஆனால் அவை வண்டியின் பின்புறத்தில் ஒளிந்திருப்பதால், ஓட்டத்தின் காற்று நேரே வந்து தழுவுவதில்லை. எனவே விசிறி ஒன்று காற்றை இழுத்து, தகரக் கூண்டின் வழியே உருளைகளின்மேல் செலுத்துகிறது. ரேடியேட்டர் இல்லை, ரப்பர்க் குழாய் இல்லை, கொதித்துப் பொங்க நீரும் இல்லை. குடிநீரே அரிதான பாலைவனத்தில் இது எத்துணை பெரிய வசதி!

ஆனால் அவ்வசதிக்கு விலை உண்டு. விசிறி சுழல்வது டைனமோவின் தண்டில்; டைனமோவைச் சுழற்றுவதோ ஒரே ஒரு பெல்ட். அது அறுந்தால் ஓட்டுநரின் முன்னே சிவப்பு விளக்கு எரியும். வேறு கார்களில் அவ்விளக்கு எரிந்தால், 'பாட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை, வீடு சேர்ந்து பார்த்துக்கொள்வோம்' என்று எண்ணலாம். இங்கே அப்படி எண்ணுகிறவனுக்குச் சில நிமிடங்களுக்குள் இயந்திரமே மிஞ்சாது. ஆதலால் அறிந்தவர்கள் அக்கணமே நிறுத்திவிடுவார்கள். மாற்று பெல்ட்டு இன்றிப் புறப்படவும் மாட்டார்கள்.

எண்ணெயும் இங்கே ஒரு குளிர்விப்பான்தான். அதன் அளவோ வெறும் 2.5 லிட்டர். பழைய பீட்டில்களில் எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு கருவி விசிறிக் கூண்டுக்குள்ளேயே, மூன்றாம் உருளைக்குச் செல்லும் காற்றின் வழியில் நின்றது. அதனால் மூன்றாம் உருளைக்குக் கிடைத்தது சூடேறிய, குறைந்த காற்று. அவ்வுருளையின் வெளியேற்று வால்வு எரிந்து முறிவது பீட்டில் பழுதுபார்ப்போர் நன்கறிந்த நோய். 1971ஆம் ஆண்டு மாதிரியில்தான் அக்கருவியைத் தனிக் கூண்டில் ஒதுக்கி வைத்தார்கள். பழைய இயந்திரத்தைப் பந்தயத்திற்கு ஆயத்தம் செய்வோர் முதலில் இம்மாற்றத்தைச் செய்வது நலம்.

புதியவர்கள் செய்வதோ வேறு. இயந்திரத்தைச் சுற்றியுள்ள தகரங்களைக் கழற்றி எறிகிறார்கள். திறந்திருந்தால் நன்றாகக் குளிரும் என்பது அவர்கள் எண்ணம். மேலேயுள்ள குளிர்ந்த காற்றையும் கீழே இறங்கிய சுடுகாற்றையும் பிரித்து வைப்பவை அத்தகரங்களே. அவை போனால், விசிறி தான் வெளியேற்றிய வெப்பத்தையே மீண்டும் இழுத்து உள்ளே செலுத்தும்.

ஆற்றலைப் பெருக்கும் ஆசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1,192 கன செ.மீ. இயந்திரம் தந்தது 34 குதிரைத்திறன். பிற்காலத்து 1,584 கன செ.மீ. இயந்திரம் 50. உருளைகள் தனித்தனியானவை, ஒன்றைக் கழற்றிப் பெரியதொன்றை வைப்பது எளிது. 85.5 மி.மீ. உருளை இருந்த இடத்தில், இயந்திரக் கூட்டைக் குடையாமலே 88 மி.மீ. உருளையைப் புகுத்திவிடலாம் என்று விற்பனையாளர் ஆசை காட்டுவார்கள். வெளிவிட்டம் மாறாமல் உள்விட்டம் பெருத்தால் சுவர் மெலியத்தானே வேண்டும்? மெலிந்த சுவர் வெப்பத்தில் வடிவம் கோணும். நான் சொல்வேன்: கையில் நூறு ரூபாய் இருந்தால், எழுபதை எண்ணெய்க்கும் காற்றுக்கும் புழுதி வடிகட்டிக்கும் கொடுங்கள், மீதியை வைத்து ஆற்றலைப் பற்றி யோசியுங்கள்.

வண்டியை உயர்த்துவதும் அப்படியே. பின்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குத் தண்டின் பற்களைச் சிறிது திருப்பிப் பொருத்தினால் வண்டி உயர்ந்துவிடும், காசு செலவில்லை. ஆனால் பழைய ஊசலாடும் அச்சு கொண்ட பீட்டிலில், உயர்த்த உயர்த்தப் பின்சக்கரங்களின் அடிப்புறம் உள்நோக்கிச் சாய்கிறது. வேகமாகத் திரும்பும்போது சக்கரம் வண்டியின் கீழே மடங்கக்கூடும். மணலில் மன்னிக்கப்படும் இப்பிழை கெட்டித் தரையில் வண்டியையே கவிழ்த்துவிடும்.

மேயர்ஸின் ஓட்டம் பலருடைய ஆசையைத் தூண்டியது. அதே 1967இன் இறுதியில் பாஹாவில் முதல் 'மெக்சிகன் 1000' பந்தயம் நடந்தது. விக் வில்சனும், நாம் முன்பே சந்தித்த டெட் மாங்கெல்ஸும், ஒரு மேங்ஸ் வண்டியில் 27 மணி 38 நிமிடத்தில் முதலில் வந்தார்கள். இன்று அப்பாலையில் பெரும் பொருட்செல்வர் பலநூறு குதிரைத்திறன் கொண்ட வண்டிகளில் பாய்கின்றனர். எனினும் '11ஆம் வகுப்பு' என்று ஒன்று உண்டு. பெரும்பாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் பீட்டில்களுக்கு மட்டும் உரியது அது. வலுவூட்டல், பாதுகாப்புக் கம்பிக்கூண்டு ஆகியன தவிர மிகச் சில மாற்றங்களையே விதி அனுமதிக்கிறது. வேலைக்குப் போய்வந்து, மாலையில் கொட்டகையில் வண்டி பார்ப்பவர்களின் வகுப்பு அது. குறித்த நேரத்திற்குள் எல்லையைத் தொடுவதே அவர்களிற் பலருக்கு வெற்றி.

மேயர்ஸுக்கு என்ன கிடைத்தது? அவருடைய கூட்டை வாங்கி, அதையே அச்சாக வைத்து நகலெடுத்து விற்றவர்கள் பலர். காப்புரிமை பெற்றிருந்த மேயர்ஸ் வழக்குத் தொடுத்தார், தோற்றார். அவ்வடிவம் காப்புரிமைக்கு உரியதன்று என்பது தீர்ப்பு. அவர் செய்தவை சில ஆயிரம். உலகெங்கும் பிறர் செய்த நகல்களோ இலட்சக்கணக்கில் என்று மதிப்பிடுவோர் உண்டு. மனம் கசந்து, தாம் தொடங்கிய நிறுவனத்தை விட்டே அவர் விலகினார். 1971இல் அது மூடப்பட்டது. நெடுங்காலம் அவ்வண்டியைப் பற்றிய பேச்சையே அவர் விரும்பவில்லை. 1994இல் பிரான்சில் நடந்த ஒரு கூட்டத்திற்கு அழைக்கப்பட்டு, தம் வடிவத்தின் வழிவந்த வண்டிகளைக் கண்ட பிறகே மனம் இளகிற்று. 2000ஆம் ஆண்டில், எழுபது வயதைக் கடந்த நிலையில், மீண்டும் கூடுகளைச் செய்யத் தொடங்கினார். 2021 பிப்ரவரி 19ஆம் நாள், தம் 94ஆம் வயதில் காலமானார். பாஹாவைக் கடந்த அந்தச் சிவப்பு வண்டியை அவர் நெடுங்காலம் தம்மிடமே வைத்திருந்தார்.