எதுகை உறவாகுமா?

ஆங்கிலச் சொற்களெல்லாம் தமிழிலிருந்தே பிறந்தன என்று நம்மவருள் சிலர் மேடைதோறும் முழங்குகின்றனர். 'எயிட்' என்பது எட்டாம். 'கில்' என்பது கொல்லாம்! கேட்போரும் கைதட்டி மகிழ்கின்றனர். தமிழுக்கு இதனினும் பெருந்தீங்கு அதன் பகைவரும் செய்தாரல்லர் என்போம்.

எட்டையே எடுத்துக்கொள்வோம். இலத்தீனில் அது 'ஒக்தோ', ஜெர்மன் மொழியில் 'ஆக்ட்', வடமொழியில் 'அஷ்ட'. ஆங்கில 'எயிட்' அக்குடும்பத்துப் பிள்ளை. நம் எட்டோ, எண்பது, எண்ணூறு, எண்டிசை என விரியுங்கால், தன் வேர் 'எண்' என்பதைத் தானே காட்டிவிடுகின்றது. கன்னடத்தாரும் 'எண்டு' என்பர். 'எண்'ணுக்கும் 'ஒக்தோ'வுக்கும் உறவு யாது? எதுகை பொருந்தினால் செய்யுள் அமையும், உறவு அமையாது. 1856-இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகள் வடமொழியினின்று பிறந்தவையல்ல என்று விளக்கினார். எல்லாம் ஒன்றே எனக் கூவுவோர் அத்தனிச் சிறப்பையே அழிக்கின்றனர். அந்தோ, அதனை உணர்ந்திலர்!

மெய்யாகவே நம்மிடம் ஆங்கிலம் கொண்ட சொற்கள் உண்டு. கட்டுமரம் 'கட்டமரான்' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியில் இவற்றைக் காணலாம். ஆயின் அதே அகராதியில் மற்றிரு சொற்களும் உள. மேடைப் புலவர் அவற்றைத் தொடுவதில்லை.

ஒன்று 'கூலி'. அதன் பிறப்பைக் குஜராத்துக் கோலி வகுப்பாரிடம் காண்பாரும் உளர். எங்ஙனமாயினும், மலாயாத் தோட்டங்களில் நேர்ந்தது யாது? உழைப்புக்கு ஈடாய்த் தரும் காசின் பெயர், உழைத்த மனிதனுக்கே பெயராயிற்று!

மற்றொன்று 'பரையா'. பறை கொட்டியோர் பெயரை, ஒதுக்கப்பட்டோர் யாவர்க்கும் உரிய இழிபெயராக்கிற்று ஆங்கிலம். அவ்விழிவை ஆங்கிலேயன் தானே படைத்தானா? நம் தெருவில் கேட்டதையே எழுதிக்கொண்டான். 2011-இல் 'இண்டர்லோக்' என்னும் மலாய் நாவல் பாடநூலானபோது, அதிலிருந்த அச்சொல்லைக் கண்டு நம்மவர் கொதித்தனர், கொதித்தது முறையே. ஆனால், பெண் கேட்டு வருவோரிடம் முதற்கேள்வியாய்ச் சாதியைக் கேட்கும் நாக்கு யாருடையது? சினமுற்றால் அச்சொல்லையே வசையாய் வீசும் வாய் யாருடையது?

தோழர்களே! ஆங்கிலத்துக்கு எத்தனை சொற்கள் ஈந்தோம் என்று எண்ணிப் பெருமை பேசுவது பிறகு ஆகட்டும். ஈந்தவற்றுள் எது நம் அழுக்கைச் சுமந்து சென்றது என்பதை முதலில் எண்ணுவோம். அயலார் அகராதியை நாம் திருத்த இயலாது. நம் வாயைத் திருத்த இன்றே இயலும்.