பிஷப் எழுதிய சரித்திரம்

இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் கார் செய்கிற தோழர் ஒரு திருகாணியைக்கூட அளவு பாராமல் பூட்டமாட்டார். ஆனால் மாதா கோவிலில் பாதிரியார் சொல்வதையும், ஸ்ரீபெரும்புதூர்க் கோவிலில் பட்டர் சொல்வதையும் மாத்திரம் அளவு பாராமலே விழுங்கிவிடுவார். இது என்ன நியாயம்?

கிறிஸ்தவ சபையின் சரித்திரத்தை முதன்முதல் கோவையாக எழுதியவர் யூசிபியஸ். பாலஸ்தீனத்துச் செசாரியா நகரத்துப் பிஷப். 339-ஐ ஒட்டி இறந்தவர். இவருடைய குரு பாம்பிலஸை ரோமாபுரி அரசாங்கம் கொன்றது. அப்படியிருந்தும், சக்கரவர்த்தி கான்ஸ்டன்டைன் கிறிஸ்து மதத்தை ஆதரித்தவுடன் இவர் அவருக்குத் துதி பாடும் சரித்திரக்காரராகிவிட்டார். அந்தச் சக்கரவர்த்தி 326-ல் தாம் பெற்ற மகன் கிரிஸ்பஸையே கொல்லுவித்தார். முந்திய நூலில் அம்மகனைப் புகழ்ந்த பிஷப், சக்கரவர்த்தியின் சரித்திரத்தில் அக்கொலையைப் பற்றி மூச்சு விடவில்லை! ஏசுவே எதெஸ்ஸா ராஜாவுக்கு எழுதினாரென்று ஒரு கடிதத்தையும் வெளியிட்டார். அது பின்னால் கட்டியது என்று ஆராய்ச்சிக்காரர்கள் தள்ளிவிட்டார்கள்.

இனி நம் ஊர்ச் சங்கதி. இதே பிஷப் தோமாவுக்குக் கிடைத்தது பார்த்தியா தேசம் என்கிறார். இந்தியாவுக்குப் போனவராக அவர் சொல்வது பர்த்தலோமேயுவை. மயிலாப்பூரும் பரங்கிமலையும் அவர் ஏட்டில் இல்லை. பரங்கிமலைச் சிலுவை 1547-ல் போர்த்துகீசியர் கண்டெடுத்தது. அதிலுள்ள பஹ்லவி எழுத்து தோமா காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்தியது. தோமா வரவேயில்லை என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. ஆதாரம் எங்கே என்றுதான் கேட்கிறோம்.

இதைக் கேட்டு வைதீகர்கள் கைதட்ட வேண்டாம்! ராமானுஜர் ஆதிசேஷன் அவதாரம், 1017 முதல் 1137 வரை 120 வருஷம் வாழ்ந்தார் என்னும் குருபரம்பரைக் கதைக்கு எந்த அளவுகோல் வைத்தீர்கள்? அவர் சாதி பாராதவர் என்று மேடைதோறும் பேசுகிறீர்களே, எல்லாச் சாதியாரும் அர்ச்சகராக 1970-ல் சட்டசபை சட்டம் செய்தபோது அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடியது எதற்காக? அங்கே மாத்திரமென்ன? திருச்சி மேலப்புதூரில் கிறிஸ்தவர் கல்லறைக்குள்ளேயே சாதிச் சுவர் வைத்தார்களே! செத்த பிறகும் தீண்டாமையா?

அரசனுக்கு ஆகாததைப் பிஷப் மறைத்தார். மேல்சாதிக்கு ஆகாததை இவர்கள் மறைக்கிறார்கள். மறைத்ததனால் நஷ்டப்படுகிறவன் யார்? சுவருக்கு அப்பால் புதைக்கப்படுகிறவனும், கருவறைக்கு வெளியே நிறுத்தப்படுகிறவனுந்தானே!

ஆதலால் தோழர்களே, அளவுகோலைத் தொழிற்சாலை வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள். கோவிலுக்கும் கொண்டு போங்கள்.