காயலான் கடை நாற்காலி

நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பரிசு தேடி, தெரியாத்தனமாக ஒரு பர்னிச்சர் ஷோரூமுக்குள் நுழைந்துவிட்டேன். ஏ.ஸி. குளிர். மெல்லிசாகப் பியானோ. விலைச் சீட்டையெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கவிழ்த்து வைத்திருந்தாலே அது நம்ம கடை இல்லை.

மூலையில், தனி விளக்கு வெளிச்சத்தில் ஒரு நாற்காலி. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல். பக்கவாட்டில் பார்த்தால் கால்கள் தலைகீழ் 'வி' மாதிரி. எங்கேயோ பார்த்த சாயல். உட்காரப் போனேன்.

"சார், ப்ளீஸ்!" டை கட்டின பையன் ஓடி வந்தான். "இது ஜான்னெரே இன்ஸ்பயர்ட் பீஸ்."

"என்ன விலை?"

சொன்னான்.

"ஆறு நாற்காலிக்கா?"

"ஒண்ணுக்கு சார்."

அந்த ஜான்னெரே யார் என்று உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் அவர் அந்த நாற்காலியைப் போட்டது உங்களுக்காக. அதாவது, ஆபீஸ் குமாஸ்தாவுக்காக.

1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போனதும் நம் பக்கத்துப் பஞ்சாபுக்குத் தலைநகரமே இல்லை. நேரு புதுசாக ஒரு ஊரையே கட்டிவிடலாம் என்றார். அதற்கு வந்தவர்தான் பிரபல கட்டடக் கலைஞர் லெ கார்பூசியே. (புனைபெயர். நிஜத்தில் அவரும் ஒரு ஜான்னெரேதான்.) அவர் அவ்வப்போது வந்து பார்த்துவிட்டு பாரிஸுக்குத் திரும்பிவிட, வெயிலில் நின்று வேலை பார்க்கக் கூட வந்தவர் ஒன்றுவிட்ட சகோதரர் பியர் ஜான்னெரே. 1951-ல் வந்த மனிதர், 1965 வரை சண்டிகரிலேயே இருந்தார். பேர் யாருக்குப் போயிற்று என்று கேட்காதீர்கள். ஆபீசில் இருப்பவர்களுக்கு இது புரியும்.

கட்டடம் முடிந்தால் மேஜை, நாற்காலி வேண்டுமே. செக்ரடேரியட், ஹைகோர்ட், காலேஜ் என்று ஆயிரக்கணக்கில் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் பணம் இல்லை. ஜான்னெரேயும், ஊலி சவுத்ரி போன்ற இந்திய சகாக்களும் உட்கார்ந்து யோசித்தார்கள். தேக்கு பூச்சிக்கும் ஈரத்துக்கும் தாங்கும். பிரம்பு, முதுகுக்குக் காற்று விடும். வளைவு நெளிவு இல்லாத நேர்க்கட்டையாக இருந்தால் உள்ளூர்த் தச்சரே அறுத்துப் போட்டுவிடுவார். படத்தைப் பல பட்டறைகளுக்கும் கொடுத்தார்கள். அதனால் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. முதுகில் மட்டும் வெள்ளைப் பெயின்ட்டில் இலாகா பெயரும் நம்பரும். ஆபீஸ் சொத்து, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகாதே என்று அர்த்தம்.

அப்புறம் நடந்தது நமக்குத் தெரிந்த கதை. பிரம்பு கிழிந்தது. கிழிந்த பிரம்புக்குள் யார் குடிவருவார்கள் என்பதை பஸ் சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. சுழல் நாற்காலி வந்தது. பழசையெல்லாம் மொட்டை மாடியில் மலையாகக் குவித்தார்கள். மழை, வெயில். பிறகு ஏலம். சில நூறு ரூபாய்க்கெல்லாம் போயிற்று. நம்ம ஊர் பாஷையில், காயலான் கடைக்கு.

அந்த ஏலத்துக்கு பாரிஸிலிருந்தும் சில வியாபாரிகள் வந்து கைதூக்கினார்கள். வாங்கிக் கப்பலேற்றி, தேய்த்து, பிரம்பு மாற்றி, அங்கே ஏலம் விட்டார்கள். லட்சம் லட்சமாகப் போயிற்று. ஹாலிவுட் வட்டாரத்தில் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நம்ம குமாஸ்தா நாற்காலி! நகரத்தின் வரைபடத்தை வார்த்த சாக்கடை மூடியைக்கூட விடவில்லை. அதுவும் வெளிநாட்டு ஏலத்துக்குப் போயிருக்கிறது.

திருட்டா என்றால், இல்லை. ரசீதோடு வாங்கினது. புராதனப் பொருள் சட்டம் (1972) நூறு வயசு ஆனவற்றைத்தான் கவனிக்கும். நாற்காலிக்கு அப்போது அறுபதுகூட ஆகியிருக்கவில்லை. மத்திய உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு, விற்காதே, வெளியே அனுப்பாதே என்று உத்தரவு போட்டது 2011-ல்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அந்த வெள்ளைப் பெயின்ட் நம்பர். திருட்டுப் போகாமலிருக்கப் போட்டது, இன்று அசல் என்பதற்கு அத்தாட்சி. நம்பர் இருந்தால் மவுசு அதிகம். அதனால் போலி செய்கிறவர்களும் மறக்காமல் நம்பர் போடுகிறார்கள். தச்சர் பேர்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. 2019-ல் ஒரு இத்தாலியக் கம்பெனி 'ஜான்னெரேக்கு அஞ்சலி' என்று புதுசாகவே செய்து விற்க ஆரம்பித்தது. ஜான்னெரே 1967-லேயே காலமாகிவிட்டார். அவர் அஸ்தியை, அவர் விருப்பப்படி, சண்டிகரின் சுக்னா ஏரியில் கரைத்தார்கள்.

ஷோரூமிலிருந்து ஒரு ப்ளாஸ்க் வாங்கிக்கொண்டு வந்தேன். இல்லை, அடுத்த கடையில். வழியெல்லாம் அந்தச் சாயல் உறுத்தியது. வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் பிடிபட்டது. எங்கள் ஆபீசிலும் தேக்கு, பிரம்பு நாற்காலிகள் இருந்தன. எந்த வெள்ளைக்காரரும் வரைந்து கொடுத்ததில்லை; பக்கத்துத் தெரு ஆசாரி செய்தது. பதினோரு வருஷம் அதில்தான் உட்கார்ந்தேன். ஒருநாள் 'உபயோகமற்றவை - 42' என்று ஒரு லிஸ்ட் வந்தது. கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அன்றைக்கு மூணு மணிக்கு மீட்டிங்.

முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதியிருந்தது மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது. எஸ்-17.